அழுகையும் வெகுளியும்: ஈமோ இசையில் கேட்கத்தக்க பாடல்கள் சில

மக்கள் உள்ளத்தெழும் உணர்ச்சிகளை மெய்ப்பாடு எட்டென வகுத்தார் தொல்காப்பியனார். அவற்றுள் நகையையும் உவகையையும் பெருமிதத்தையும் பாடும் பாட்டுக்கு எந்நாட்டிலும் வரவேற்பு உண்டு. அழுகையும் வெகுளியும் அத்துணைப் பேறு பெற்றன அல்ல. அவை கதவடைத்த அறைக்குள் இருக்கத்தக்கன என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அழுபவனைக் கோழை யென்றும், வெகுள்பவனை முரடன் என்றும் உலகம் எளிதிற் பெயரிட்டு விடுகின்றது. ஆயின், இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டு, மறையாது பாடுவதையே தொழிலாகக் கொண்ட இசை ஒன்று அமெரிக்க நாட்டில் தோன்றி, நாற்பதாண்டு கடந்தும் வாழ்ந்து வருகின்றது. அதன் ஒரு கிளையை ‘ஈமோ’ என்றும், மற்றொரு கிளையைப் ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ என்றும் வழங்குவர். அவ்விசையில் யாம் விரும்பிக் கேட்கும் பாடல்கள் சிலவற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் விடுதியில் இவ்விசையை விரும்பிக் கேட்போர் யாம் நால்வரே. எம் அறையில் இப்பாட்டு ஒலிக்கும்போதெல்லாம், “உள்ளே யாருக்கு அடி விழுகிறது?” என்று வாயிலில் நின்று வினவிச் சிரித்துச் செல்லும் நண்பர் பலர். அவர்களைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. முதன்முறை கேட்டபோது எமக்கும் அஃது இரைச்சலாகவே பட்டது. பின்னர் யாம் அதனுட் புகுந்த வழியைச் சுருங்கக் கூறுவோம். எம்முள் ஒருவர் சென்ற ஆண்டு இரண்டாம் பருவத்தின் நடுவே தம் தாயாரை இழந்தார். அவர் மூத்த மகனாதலின், “நீயே அழுதால் தங்கைமாரை யார் தேற்றுவார்?” என்று உற்றார் பலரும் கூறி, அவரைக் கண்ணீர் விடவொட்டாது தடுத்துவிட்டனர். விடுதிக்குத் திரும்பிய பின் அவர் எவரோடும் பேசினாரில்லை. இயர்போனைச் செவியில் மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைப் பல இரவுகள் கேட்டுக்கொண்டிருந்தார். அவரோடு இருத்தற் பொருட்டே ஏனைய மூவரும் கேட்கத் தொடங்கினோம். அப்பாட்டு இன்னதென்பதை இறுதியிற் கூறுவோம்.

இனி, இவ்விசை தோன்றிய வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் ‘பங்க்’ என்னும் இசை பரவியது. நெடுநாட் பயிற்சி இல்லாதோரும் மூன்று சுரக்கூட்டுக்களைக் கற்றுக்கொண்டு மேடை ஏறலாம் என்பது அதன் கொள்கை. 1980-ஐ ஒட்டி அமெரிக்க இளைஞர் அதனை இன்னும் விரைவாகவும் இன்னும் உரத்தும் வாசிக்கத் தலைப்பட்டனர். அதற்கு ‘ஹார்ட்கோர்’ என்று பெயராயிற்று. பல பாட்டுக்கள் ஒன்றரை நிமிஷத்துள் முடிந்துவிடும். வாஷிங்டன் நகரில் ‘பேட் பிரெயின்ஸ்’, ‘மைனர் த்ரெட்’ ஆகிய குழுக்கள் இதில் தலைசிறந்து விளங்கின. பின்னதின் பாடகராகிய இயன் மெக்கேயும், டிரம் வாசித்த ஜெஃப் நெல்சனும் 1980-ல் ‘டிஸ்கார்ட்’ என்னும் சிறு இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினர். தம் ஊர்க் குழுக்களின் பாட்டைத் தாமே பதிப்பித்துத் தாமே விற்றல் அக்கம்பெனியின் வழக்கம்.

சில ஆண்டுகள் சென்றன. கச்சேரிக் கூடங்களில் இசையினும் அடிதடியே மிகலாயிற்று. அது கண்டு மனம் சலித்த வாஷிங்டன் இளைஞர் சிலர், 1985-ஆம் ஆண்டின் கோடைக்குப் ‘புரட்சிக் கோடை’ என்று பெயரிட்டுப் புதிய குழுக்களை அமைத்தனர். அவற்றிற்கு வழிகாட்டியாக நின்றது 1984-ல் தோன்றிய ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ என்னும் குழுவாகும். அதன் பாடகர் கய் பிச்சியோட்டோ. அவர் பாட்டில் வேகம் குறையவில்லை, பொருளே மாறிற்று. அதுகாறும் அரசையும் ஊரையும் நோக்கி நீட்டிய விரல் இப்பொழுது பாடுவோனின் நெஞ்சின்பால் திரும்பியது. இதனை ‘எமோஷனல் ஹார்ட்கோர்’, அஃதாவது உணர்ச்சி மிக்க ஹார்ட்கோர் என்று சிலர் அழைக்க, அது ‘ஈமோகோர்’ எனவும், பின் ‘ஈமோ’ எனவும் குறுகிற்று. வியப்பு யாதெனில், இப்பெயர் சூட்டப்பட்டோர் எவரும் அதனை ஏற்றாரில்லை என்பதே. மெக்கே அதனை மேடையிலேயே இகழ்ந்துரைத்தார். பிச்சியோட்டோவோ, ‘அங்ஙனமாயின் மற்றைக் குழுவினர் உணர்ச்சியற்ற இயந்திரங்களோ?’ என்னும் கருத்துப்பட வினவினார். வினா நேரியதே. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

ஹார்ட்கோரின் வெகுளியைக் கைவிடாது, அதன் ஒரே வேகத்தை மட்டும் கைவிட்டு, மாறும் தாளங்களையும் மௌன இடைவெளிகளையும் நெடிய அமைப்புக்களையும் சேர்த்துக்கொண்ட இசை ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ எனப்பட்டது. ஹார்ட்கோருக்குப் பிற்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். ஈமோவில் அழுகை மிகும். இதில் வெகுளி மிகும். ஆயினும் இரண்டிற்கும் இடையே உறுதியான வரம்பு இல்லை. ஒரே குழு ஒரே பாட்டில் இரண்டிடத்தும் சென்று மீளுதலைக் கேட்கலாம்.

நிற்க. இவ்விசையைக் கேட்கப் புகுவோர் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் நலம். முதலாவது, ஒலியின் ஏற்ற இறக்கம். முணுமுணுப்புப்போலத் தொடங்கும் பாட்டு திடீரெனப் பேரொலியாக வெடிக்கும், மீண்டும் அடங்கும். அடங்கிய பகுதியை ஊன்றிக் கேளாதார்க்கு வெடிப்பின் காரணம் விளங்காது. இரண்டாவது, கிட்டார்களின் உறவு. பெரும்பாலும் இரண்டு கிட்டார்கள் இருக்கும். ஒன்று மற்றொன்றைப் பின்பற்றாது, இருவர் உரையாடுவதுபோல இடைவெளிகளில் விடை கூறும். மூன்றாவது, குரல். நம் நண்பர் பலர் நகைப்பது இதனையே. குரல்வளையில் ஒலியெழுப்பும் குரல்நாண்களுக்கு மேலே மற்றோர் இணை மடிப்புக்கள் உண்டு. பயிற்சியுடைய பாடகர் அலறும்போது அம்மடிப்புக்களை நெருக்கி, மூச்சை அளந்து விட்டு, அவற்றை அதிரச் செய்கின்றனர். ஆதலின் காட்டுக்கத்தல் போலத் தோன்றுவதன் பின்னே உடலடக்கமும் மூச்சடக்கமும் உள்ளன. அப்பயிற்சி இல்லாமலே பாடித் தொண்டை புண்பட்டோரும் உளர். அவர்கள் குரல் உடைவதும் சில பாட்டுக்களில் பொருளின் ஒரு கூறாகவே அமைந்துவிட்டது.

இனிப் பாடல்களுக்கு வருவோம். முதலிற் கேட்கத்தக்கது ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ குழுவினரின் ‘ஃபார் வான்ட் ஆஃப்’ என்னும் பாட்டு. 1985-ல் வெளிவந்த அவர்தம் ஒரே நெடிய இசைத்தட்டில் இஃது உள்ளது. வாஷிங்டனுக்கு அண்மையில், ஆர்லிங்டனில், டான் ஸியென்டாரா என்பவர் தம் வீட்டு நிலவறையில் அமைத்திருந்த ‘இன்னர் இயர்’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதனைப் பதிவு செய்தனர். கைநழுவிப் போனதொன்றை எண்ணி வருந்தும் ஒருவன் தன்னையே கடிந்துகொள்ளும் பாட்டு இது. பிச்சியோட்டோவின் குரல் சொல்லை முந்திச் செல்வதையும், சில இடங்களில் சொல்லே இன்றி உடைந்து போவதையும் காண்க. பிற்காலத்து எழுந்த நூற்றுக்கணக்கான பாட்டுக்களுக்கு இதுவே வித்து.

அக்குழு விரைவிற் கலைந்தது. பிச்சியோட்டோவும், டிரம் வாசித்த பிரெண்டன் கான்ட்டியும் மெக்கேயோடும் ஜோ லாலியோடும் சேர்ந்து ‘ஃபுகாஸி’ என்னும் குழுவாயினர். 1988-ல் வெளிவந்த ‘வெயிட்டிங் ரூம்’ என்னும் பாட்டு லாலியின் பாஸ் கிட்டாரோடு தொடங்கும். மற்றை வாத்தியங்கள் வந்து சேர்ந்து ஓட்டம் பிடித்த சில நொடிகளில் எல்லாம் ஒருங்கே நின்றுவிடும். அம்மௌனத்தின் பின் பாட்டு மீண்டும் தொடங்கும்பொழுது கேட்போர் உடலும் தானே எழும். இக்குழுவினர் தம் கச்சேரிகளுக்கு நெடுங்காலம் ஐந்து டாலரே கட்டணம் வைத்தனர். வயது வேறுபாடின்றி எவரையும் அனுமதித்தனர். கூட்டத்தில் எவரேனும் பிறரை இடித்துத் துன்புறுத்தினால் வாசிப்பதை நிறுத்திவிடுவர். அடங்காதவனிடம் அவன் தந்த ஐந்து டாலரையும் உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியேற்றுவர். வெகுளியைப் பாடுவோர் வன்முறையை விரும்புவோர் என்று கருதும் அன்பர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1994-ல் சியாட்டில் நகரத்து ‘சன்னி டே ரியல் எஸ்டேட்’ என்னும் குழு ‘டைரி’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதில் ‘இன் சர்க்கிள்ஸ்’ என்னும் பாட்டைக் கேட்க. ஜெரமி எனிக்கின் மெல்லிய குரல் படிப்படியாக உயர்ந்து, உச்சியில் கிழிந்து, மீண்டும் வட்டமாகத் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். பெயருக்கேற்பச் சுற்றிச் சுற்றி வரும் மனத்தின் இயல்பை இசையமைப்பே காட்டிவிடுகின்றது. வாஷிங்டன் ஈமோவின் வேகம் இதில் தணிந்து, இனிமை மிகுந்தது.

‘ஜாபிரேக்கர்’ என்னும் குழுவின் கதை ரசிகர்களாகிய நமக்கே ஒரு பாடம். சிறு கம்பெனிகளின் வழியே புகழ்பெற்ற அக்குழு 1995-ல் ஒரு பெருங்கம்பெனியின் வாயிலாக ‘டியர் யூ’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. பிளேக் ஷ்வார்ட்ஸன்பாக்கின் கரகரத்த குரல் இதில் மென்மை பெற்றிருந்தது. பழைய ரசிகர்கள் ‘விலை போய்விட்டனர்’ என்று தூற்றினர். மறு ஆண்டே குழு கலைந்தது. பின்னர் அதே இசைத்தட்டை அடுத்த தலைமுறையினர் போற்றிக் கேட்டனர். 2017-ல் அவர்கள் மீண்டும் மேடை ஏறியபோது மக்கள் திரண்டு வந்தனர். அவ்விசைத்தட்டிலுள்ள ‘ஆக்ஸிடென்ட் ப்ரோன்’ என்னும் நெடிய பாட்டைப் பொறுமையோடு கேட்பார், முன்னைய ரசிகர் எதனை இழந்தனர் என்பதை உணர்வர்.

கல்லூரி மாணவராகிய நமக்கு மிக அணுக்கமானது ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்னும் குழு. இல்லினாய் மாநிலத்து அர்பானாவில் பல்கலைக்கழகத்திற் பயின்ற மூவர் சேர்ந்து அமைத்தது அது. 1999-ல் ஒரே ஓர் இசைத்தட்டை வெளியிட்டு, படிப்பு முடிந்தவுடன் தத்தம் வழியே பிரிந்து சென்றனர். அதன் முதற்பாட்டு ‘நெவர் மென்ட்’. மைக் கின்ஸெல்லாவும் ஸ்டீவ் ஹோம்ஸும் கிட்டார்த் தந்திகளை வழக்கமான முறையில் அன்றி, எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்னும் சுரங்களில் நிறுத்தி, மீட்டாது ஒவ்வொரு தந்தியாகத் தெறித்து வாசிக்கின்றனர். பாத்திரத்தில் நீர் சொட்டுவது போன்ற அவ்வொலி கேட்டோர் செவியை விட்டகலாது. இங்கே அலறல் இல்லை. பிரியும் இருவர், முன்பு பேசியவற்றைப் பேசாதனவாகக் கொள்வோம் என்று கூறிக்கொள்ளும் அமைதியே உள்ளது. அழுகைக்குக் காரணம் நான்கு கூறிய தொல்காப்பியனார், இளிவு, இழவு, வறுமை என்பவற்றோடு அசைவு என்பதையும் வைத்தார். பண்டை நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதலை அசைவென்பர் உரைகாரர். இறுதித் தேர்வு முடிந்து பெட்டியைக் கட்டும் மாணவன் நெஞ்சில் எழுவது அதுவே யன்றோ? அவ்விசைத்தட்டின் மேலுறையிற் காணப்படும் சாதாரண மரவீட்டைக் காண ரசிகர் பலர் அர்பானாவிற்குச் செல்வதுண்டு. 2014-ல் அக்குழு மீண்டும் கூடிற்று. 2023-ல் அவ்வீட்டைக் குழுவினரும், அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனியாரும், நண்பர் சிலரும் சேர்ந்து விலைக்கு வாங்கிக் காத்தனர்.

வெகுளியின் பக்கம் நின்று கேட்கத்தக்கவை இரண்டு. முதலாவது, சுவீடன் நாட்டு ஊமியோ நகரத்து ‘ரெஃப்யூஸ்ட்’ குழுவினரின் ‘நியூ நாய்ஸ்’. இது 1998-ல் வெளிவந்தது. பழைய பாட்டால் புதிய கருத்தைச் சொல்ல இயலாது என்பதே அதன் வாதம். தொடக்கத்தில் நெடிது பதுங்கிப் பின் பாயும் அமைப்பே அவ்வாதத்திற்குச் சான்று. இரண்டாவது, டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாஸோ நகரைச் சேர்ந்த ‘அட் த டிரைவ்-இன்’ குழுவினரின் ‘இன்வாலிட் லிட்டர் டிபார்ட்மென்ட்’. 2000-ல் வெளிவந்த ‘ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்’ என்னும் இசைத்தட்டில் உள்ளது. எல் பாஸோவுக்கு எதிர்க்கரையில் மெக்ஸிகோவின் ஹுவாரெஸ் நகரம் இருக்கின்றது. 1990-களில் அங்கே நூற்றுக்கணக்கான பெண்கள் கொலையுண்டனர். பலர் கொலைக்கு நீதி கிட்டவில்லை. அதனையே இப்பாட்டு பேசுகின்றது. செட்ரிக் பிக்ஸ்லர்-ஸவாலா பகுதிகளைப் பாடாமல் அறிக்கை படிப்பவர் போலப் பேசிச் சென்று, பின்பே குரலெழுப்புகின்றார். ஆற்றின் இக்கரையில் நின்று அக்கரைப் பிணங்களைக் கண்டவர் குரல் அது. வெகுளி பிறக்கும் இடங்களுள் கொலையும் ஒன்று என்று நம் இலக்கணம் கூறுவது இங்கே நினைவுக்கு வரும். இக்குழுவினரும் கூட்டத்தின் முரட்டுத்தனத்தைப் பொறாதவரே. 2001 ஜனவரியில் சிட்னியில் நடந்த இசைவிழாவில், மக்கள் ஒருவரையொருவர் இடித்து நெருக்குவது கண்டு கடிந்துரைத்துச் சில பாட்டுக்களோடு மேடையை விட்டிறங்கினர்.

2001-ல் இவ்விசை பெருமக்களிடம் சென்றது. நியூஜெர்ஸியைச் சேர்ந்த ‘தர்ஸ்டே’ குழு அவ்வாண்டில் ‘ஃபுல் கொலாப்ஸ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. வீட்டு நிலவறைகளிற் பாடி வளர்ந்தோர் அவர். ‘அண்டர்ஸ்டாண்டிங் இன் எ கார் கிராஷ்’ என்னும் அவர்தம் பாட்டில், மோட்டார் விபத்தின் ஒரு நொடி நிமிஷங்களாக விரிகின்றது. ஜெஃப் ரிக்லியின் தளர்ந்த குரலும் பின்னிருந்து எழும் அலறலும் ஒரே மனிதனின் வெளியும் உள்ளுமாக ஒலிக்கின்றன. அதே ஆண்டில் அரிசோனாவின் ‘ஜிம்மி ஈட் வோர்ல்ட்’ குழு ‘த மிடில்’ என்னும் பாட்டை வெளியிட்டது. அவர்களைப் பெருங்கம்பெனி கைவிட்டிருந்தது. தம் கைப்பொருளைச் செலவிட்டே அவ்விசைத்தட்டைப் பதிவு செய்தனர். பிறர் தன்னைக் கூட்டத்திற் சேர்க்கவில்லையே என்று வருந்தும் ஓர் இளம்பெண்ணுக்கு ஆறுதல் கூறும் எளிய பாட்டு அது. இளிவினாற் பிறக்கும் அழுகைக்கு இதனினும் இனிய மருந்து அரிது. 2002-ல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் அஃது ஐந்தாம் இடத்தை எட்டிற்று. இவ்விசைக்குப் புதியவர் முதலில் இதனையே கேட்கலாம்.

‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ என்னும் குழுவைப் பலர் அறிவர். 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்த பேரழிவைக் கண்ணாற் கண்ட ஜெரார்ட் வே, தம் வாழ்க்கையை வீணாக்கலாகாது என்று துணிந்து அமைத்த குழு அது. 2006-ல் வெளிவந்த ‘வெல்கம் டு த பிளாக் பரேட்’ பியானோவின் ஒற்றைச் சுரத்தோடு தொடங்கும். நோயுற்று இறக்கும் ஒருவனிடம் மரணம் ஓர் ஊர்வலமாக வருகின்றது. சிறுவயதில் தந்தை அவனை அழைத்துச் சென்று காட்டிய ஊர்வலமே அவன் நினைவில் ஆழப் பதிந்தது ஆதலின். இக்கருத்தை அறிந்த பின் அம்முதற் சுரத்தைக் கேளுங்கள்.

பிற்காலத்தவற்றுள் மிக்க துயருடையது மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்து ‘லா டிஸ்ப்யூட்’ குழுவினரின் ‘கிங் பார்க்’. 2011-ல் வெளிவந்தது. எவனையோ குறிவைத்துச் சுட்ட குண்டு ஒரு சிறுவனைக் கொல்கின்றது. சுட்டவனும் இளையவனே, ஓர் ஓட்டல் அறையில் ஒளிந்துகொள்கின்றான், வெளியே போலீசார் சூழ்கின்றனர். ஜோர்டன் டிரையர் இதனைப் பாடவில்லை. கதைபோலச் சொல்லிச் சொல்லி, இறுதியிற் கதறுகின்றார். இறந்தவன்பால் இரங்கிய நாம், ஆறேழு நிமிஷத்திற்குள் கொன்றவன் கேட்கும் கேள்விக்கும் விடையின்றி நிற்கின்றோம். மொழி தெரியாமற் கேட்க விரும்புவோர் ஜப்பானியக் குழுவாகிய ‘என்வி’ 2003-ல் வெளியிட்ட ‘கோ மேட் அண்ட் மார்க்’ என்னும் பாட்டைக் கேட்பாராக. அழுகைக்கு அகராதி வேண்டாம் என்பது அப்பொழுது புலப்படும்.

இவ்விசையிற் குறையே இல்லை என்று யாம் கூற வரவில்லை. 2003-ல் ஜெஸ்ஸிகா ஹாப்பர் என்னும் விமர்சகர் ‘பங்க் பிளானட்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்று அதனை நன்கு எடுத்துரைத்தது. ஈமோப் பாட்டுக்களில் ஆடவன் துயரத்திற்குக் காரணமாக மட்டுமே பெண் வருகின்றாள்; அவளுக்கெனப் பெயருமில்லை, குரலுமில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அஃது உண்மையே. தன் துயரைப் பாடுதல் வேறு. துயரைக் காரணமாகக் காட்டிப் பிறரைத் தூற்றுதல் வேறு. இதனை உணர்ந்து திருந்தியோரும் உளர். ‘பாராமோர்’ குழுவின் பாடகியார் ஹேலி வில்லியம்ஸ் தம் பதின்பருவத்தில் எழுதி, 2007-ல் பெரும்புகழ் பெற்ற ‘மிஸரி பிஸினஸ்’ என்னும் பாட்டில் மற்றொரு பெண்ணை இழித்துரைக்கும் சொல் இருந்தது. அதன் பொருட்டு 2018-ல் அப்பாட்டை மேடையிற் பாடுவதையே நிறுத்தினார். 2022-ல்தான் மீண்டும் பாடினார். இக்கட்டுரையில் யாம் எடுத்த பாடல்கள், இயன்ற மட்டும் பிறரைப் பழியாது தன்னை நோக்கியவையே.

இக்குறைகளினும் கொடியது வெளியிலிருந்து வந்தது. நெற்றியில் விழும் கருமயிரும் கரிய உடையும் அணிந்த இளைஞரை ஈமோக்கள் என்று அடையாளங்கண்டு நகைத்தல் பல நாடுகளில் வழக்கமாயிற்று. மெக்ஸிகோ நாட்டில் 2008 மார்ச் மாதம், கெரேத்தாரோ நகரத்துப் பொதுவெளியில் ஒரு கும்பல் திரண்டு அத்தகைய இளைஞரை அடித்து விரட்டியது. அவர்கள் செய்த குற்றம், ஆண்கள் அழலாகாது என்னும் ஊர்வழக்கை மீறியது போலத் தோன்றியதே. பின்னர் மெக்ஸிகோ நகரில் ஈமோ இளைஞர் ஊர்வலமாகச் சென்று தம் உரிமையைக் கேட்டனர். வாயிலில் நின்று சிரிக்கும் எம் நண்பரை அக்கும்பலோடு ஒப்பிடுதல் எம் எண்ணமன்று. ஆயினும் அழுபவனைக் கண்டு சிரிக்கும் பழக்கம் எங்குச் சென்று முடியலாம் என்பதை அறிந்திருத்தல் அனைவர்க்கும் நன்று.

எம் நண்பர் கேட்ட பாட்டைக் கூறி முடிப்போம். லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்து ‘டூஷே அமோரே’ குழுவின் பாடகர் ஜெரமி போம், 2014-ல் தம் அன்னையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 2016-ல் அக்குழு வெளியிட்ட நான்காம் இசைத்தட்டின் பெயர் ‘ஸ்டேஜ் ஃபோர்’. நோயின் நான்காம் நிலை என்றும் அதற்குப் பொருள். இறந்தவர்க்கு நல்ல மகனாக இருந்தோமா என்னும் வினாவே அதில் திரும்பத் திரும்ப எழுகின்றது. இறுதிப் பாட்டு ‘ஸ்கைஸ்க்ரேப்பர்’. ஜூலியன் பேக்கர் என்னும் பாடகியார் உடன் பாடுகின்றார். பேரொலி மெல்ல அடங்கியபின், அன்னை தம் மகனுக்குத் தொலைபேசியில் விட்டுச்சென்ற செய்தி, அவர்தம் சொந்தக் குரலிலேயே கேட்கின்றது. நெடுநாள் கேட்கத் துணியாத செய்தியைத்தான் மகன் இறுதியில் உலகறிய வைத்தார்.

எம் நண்பர் அவ்விறுதிப் பகுதி வரையிற் கேட்டாரா, அதற்கு முன்பே நிறுத்தினாரா என்று யாம் வினவியதில்லை. ஓர் இரவு இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அன்னையார் சமைக்கும் மீன்குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். விடியும் வரை பேசினார். இடையிடையே அழவும் செய்தார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. பாட்டு அவர் துயரை நீக்கிற்று என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். அதனை வாய்விட்டுச் சொல்லலாம் என்னும் துணிவை அளித்தது. இவ்விசையினிடம் யாம் கண்ட பயன் இதுவே.

ஆதலின், அன்பர்களே, மேற்கூறியவற்றுள் ஒன்றையேனும் சொற்களைக் கண்முன் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையெனில் பழுதில்லை, சுவை அவரவர்க்கு வேறு. பிடித்தவர் எம் அறைக் கதவைத் தட்டலாம். பழைய மாணவரும், இப்பாட்டுக்களோடு வளர்ந்த இளம் ஆசிரியர் எவரேனும் இருப்பின் அவரும், யாம் விட்டுவிட்ட நற்பாடல்களை எமக்கு அறிவிப்பாராயின் பெரிதும் நன்றியுடையோம். கதவைத் தட்டுவோர், உள்ளே யாருக்கு அடி விழுகிறது என்று இனியும் கேட்கலாம். அடிபட்டவர் கதையை இருந்து கேட்டுவிட்டுச் செல்ல வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.